விழுந்த பெரிய மரத்தை அங்கேயே பலகையாக அறுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர்ப் பக்கம் பலா மரங்களைச் சாய்த்தது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையின் சாலையோர மரங்களை வேரோடு புரட்டியது. 2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் அருகே கரையேறி, நாகை, தஞ்சை, புதுக்கோட்டைத் தோப்புகளைப் படுக்க வைத்தது. ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான். இரண்டாள் கட்டிப் பிடிக்கும் மா, பலா, வாகை எல்லாம் துண்டுபோட்டு விறகாக எடைக்குப் போயின. மரம் மட்டமானது என்பதால் அப்படிப் போகவில்லை. தோப்புக்குள் லாரி நுழையாது, கிரேன் வாடகை மரத்தின் விலையைத் தாண்டிவிடும், கொண்டுபோனாலும் அவ்வளவு பெரிய கட்டை ஊரில் இருக்கும் சா மில்லில் ஏறாது.

மரம் மில்லுக்குப் போகாவிட்டால் மில்லை மரத்திடம் கொண்டுபோகலாம். ஐம்பது அறுபது வருடம் நின்ற ஒரு மரம் விறகு விலைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. இந்தத் தொழிலைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்ததும் அதனால்தான்.

நடமாடும் சா மில் என்றால் என்ன? எத்தனை வகை இருக்கிறது?

மரம் கிடக்கும் இடத்துக்கே எடுத்துப்போய் அறுக்கக்கூடிய இயந்திரம். முக்கியமாக மூன்று வகை.

முதலாவது செயின் சா மில். பெரிய செயின் சாவை ஒரு அலுமினியச் சட்டகத்தில் படுக்கைவசமாகப் பூட்டி, மரத்தின் மேல் தள்ளிக்கொண்டே போவது. அலாஸ்கன் மில் என்று உலகம் முழுக்கச் சொல்வது இதைத்தான். இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பு வழியாகவே போய்விடலாம்.

இரண்டாவது பேண்ட் சா மில். இரண்டு சக்கரத்தில் ஓடும் பட்டை வாள், தண்டவாளம் போன்ற சட்டத்தின் மேல் நகரும். கட்டை அசையாமல் கிடக்கும், வாள்தான் போகும். அமெரிக்காவின் வுட்-மைசர் 1982 முதல் இந்த வகையைச் செய்கிறது. இப்போது பல நாடுகளில் இதே அமைப்பில் செய்கிறார்கள்.

மூன்றாவது, வட்ட வாளைப் படுக்கையாகவும் செங்குத்தாகவும் திருப்பி அறுக்கும் ஸ்விங் பிளேடு மில். ஆஸ்திரேலியாவின் லூகாஸ், நியூசிலாந்தின் பீட்டர்சன் இதில் பெயர் பெற்றவை. நகர்த்தவே முடியாத ராட்சத மரங்களுக்காக உருவானது. நம் பக்கம் பார்ப்பது அரிது.

எனக்கு எது சரிப்படும்?

வாள் தின்னும் மரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். செயின் சா ஒவ்வொரு வெட்டிலும் ஏறக்குறைய மூன்று நூல் (நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மரத்தைத் தூளாக்கும். அதாவது 9 மில்லிமீட்டருக்கு மேல். பேண்ட் சா ஒரு நூலுக்கும் குறைவாகத்தான் தின்னும், 2 முதல் 3 மில்லிமீட்டர். 3 அடி விட்டமுள்ள கட்டையை இரண்டரை அங்குலப் பலகைகளாக அறுக்க சுமார் 12 வெட்டு வேண்டும். செயின் சாவில் நாலரை அங்குலம் தூளாகிறது. கிட்டத்தட்ட இரண்டு பலகை போச்சு. பேண்ட் சாவில் போவது ஒன்றேகால் அங்குலம்தான்.

ஆக, வீடு கட்ட சட்டம், ரீப்பர், ஒரு அங்குலப் பலகை என்று நிறைய வெட்டுகள் போட வேண்டுமென்றால் பேண்ட் சாதான். செயின் சாவில் ரீப்பர் அறுப்பது பெட்ரோலுக்கும் மரத்துக்கும் கேடு. ஆனால் சாதாரண பேண்ட் சா மில்கள் 26 முதல் 36 அங்குலம் வரைதான் வாங்கும். அதைவிடப் பருத்த மரத்தில் மேசைக்கு அகலப் பலகை எடுக்க வேண்டுமானால் நீளமான பார் (செயின் சுற்றி ஓடும் தகடு) போட்ட செயின் சா மில் தேவை. நான் விரும்பும் வழி இரண்டையும் சேர்ப்பது: பெருத்த கட்டையின் நடுவில் இரண்டு மூன்று அகலப் பலகைகளைச் செயின் சாவில் எடுத்துவிட்டு, மேலும் கீழும் மிஞ்சும் அரைவட்டங்களைப் பேண்ட் சாவில் ஏற்றிச் சட்டமாகவும் பலகையாகவும் அறுப்பது.

செயின் சா எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

தோப்பில் கிளை வெட்டும் 50 சிசி இயந்திரம் இதற்கு ஆகாது. நீளவாக்கில் அறுப்பது குறுக்கே வெட்டுவதைவிடப் பல மடங்கு சுமை. நிமிடக்கணக்கில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டடி அகலத்துக்கு 70 சிசி குறைந்தபட்சம். மூன்றடிக்கு 90 சிசிக்கு மேல் வேண்டும். ஸ்டில் எம்எஸ் 661, ஹஸ்க்வர்னா 395 அந்த அளவில் வருபவை. அதற்கும் மேலே 120 சிசி வரை இருக்கிறது.

செயினும் வேறு. குறுக்கே வெட்டும் செயினின் பல் 25-30 பாகை சாய்வில் தீட்டியிருக்கும். நீளவாக்கில் அறுப்பதற்கு 10 பாகை. சாதாரணச் செயினைப் போட்டு அறுத்தாலும் அறுக்கும், ஆனால் பலகை முகம் சொரசொரப்பாக வரும், கையில் அதிர்வும் அதிகம்.

எந்தெந்த மரத்தை அறுக்கலாம்?

தேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று: தோட்டத்தில் பதினைந்து வருடத்தில் வளர்ந்த தேக்கில் வெண்மரம்தான் (வெளிச்சுற்றில் இருக்கும் வெளிறிய இளமரம்) பெரும்பகுதி, வைரம் (நடுவில் இருக்கும் முதிர்ந்த, உறுதியான பகுதி) கொஞ்சம்தான் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தூங்குமூஞ்சி மரம். நம் சாலையோரங்களில் நிழலுக்கு வைத்தது, பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா. இதை யாரும் மரமாகவே மதிப்பதில்லை. ஆனால் இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் இதே மரத்தின் அகலப் பலகைகள்தான் ஏற்றுமதி மேசைகளாகப் போகின்றன. வைரம் நல்ல பழுப்பு, ஓரம் வெளிர் மஞ்சள். எல்லாவற்றையும்விட முக்கியம், காயும்போது மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களில் இது ஒன்று. அகலமாக அறுத்தாலும் அவ்வளவாக வளையாது. முதல் முறை மேசைப் பலகை எடுக்கிறவர் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

வாகை. மரச்செக்குக்கு வாகைக் கட்டையைத் தேடிப் பிடிப்பார்கள், அந்த உறுதியே அதற்குச் சான்று. கரும்பழுப்பு வைரம், இழைத்தால் அழகு. அறுக்கும்போது தூள் மூக்கை எரிக்கும், முகமூடி கட்டாயம்.

பலா. புதிதாய் அறுத்தால் மஞ்சள், வருடம் போகப் போகப் பழுப்பேறும். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாதான், அதிலும் பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மதிப்பு. அடிமரம் பெருத்த பலா விழுந்தால், பலகையாக அறுக்கும் முன் வாத்தியம் செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு வேண்டியது கனமான கட்டை. இரண்டு அங்குலப் பலகையாக்கிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

வேம்பு. மகோகனிக் குடும்பத்து மரம். நிலை, கதவு, அலமாரி எல்லாவற்றுக்கும் ஆகும். ரேகை ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் பின்னியிருப்பதால் இழைப்புளி போட்டால் பிய்யும். அதற்குப் பொறுமை வேண்டும்.

புளி. வைரம் கருஞ்சிவப்பு, இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் பெரிய மரத்திலும் வைரம் சிறியது, சுற்றிலும் வெண்மரம்தான். கறிக்கடைக் கட்டைக்கு இதைவிட நல்ல மரம் கிடையாது. வாளின் பல்லை மற்ற மரங்களைவிட வேகமாக மழுக்கும்.

மா. அறுக்க எளிது, ஆனால் வைரம் பாயாத மரம். அறுத்து அடுக்கத் தாமதித்தால் நீலக்கறை ஏறும், வண்டும் விழும். உடனே மருந்து அடிப்பதாக இருந்தால் மட்டும் மாமரத்தைத் தொடுங்கள்.

யூகலிப்டஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். மரத்துக்குள் இறுக்கம் அதிகம். வாள் பாதி போகும்போதே பலகை இருபுறமும் விலகி வளைந்து வெடிக்கும். சவுக்கும் பலகைக்கு ஆகாது.

தென்னை, பனையை அறுக்கலாமா?

அறுக்கலாம், முறைதான் வேறு. மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். தென்னையிலும் பனையிலும் உறுதி வெளிப்புறத்தில், நடுவில் சோறுதான். நடுவைத் தள்ளிவிட்டு, வெளிச்சுற்றிலிருந்து மட்டும் சட்டமோ கைமரமோ எடுக்க வேண்டும். வயதான மரத்தின் அடிப்பாகம் நல்லது, நுனி உதவாது. வாள் சீக்கிரம் மழுங்கும்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021-ல் அறிவித்திருக்கிறது. தானாக விழுந்த பனை என்றாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டுச் செய்வதே நல்லது.

அனுமதி எதுவும் வேண்டுமா? என் நிலத்து மரம்தானே?

முதலில் மரம் யாருடையது என்று பார்க்க வேண்டும். பட்டா நிலத்தில் நின்றால் உங்களுடையது. சாலையோரம், ஏரிக்கரை, புறம்போக்கு என்றால் நெடுஞ்சாலைத் துறையோ நீர்வளத் துறையோ ஊராட்சியோதான் உரிமையாளர். புயலில் விழுந்து உங்கள் வேலிக்குள் கிடந்தாலும் அப்படித்தான். ஏலம் எடுக்காமல் தொடக் கூடாது.

அடுத்தது மரவகை. சந்தனம், ஈட்டி போன்றவை பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையிடம் போகாமல் கைவைக்க வேண்டாம். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. மரத்தையோ பலகையையோ வண்டியில் ஏற்றினால் 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் வரும். எந்த மரத்துக்குப் பாஸ் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை உங்கள் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. காடுகளைக் காக்கத் தொடுத்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 முதல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளால் நாடு முழுக்க மர அறுவை ஆலைகள் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. மர அடிப்படைத் தொழில்களுக்கு 2016-ல் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியிட்டது. சக்கரம் வைத்த மில் என்பதால் விதி பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கூலிக்கு அறுத்துக் கொடுக்கும் தொழிலாகச் செய்ய நினைத்தால், இயந்திரத்துக்குப் பணம் கட்டும் முன்பே மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

மரம் விழுந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

மின்கம்பி மேலே கிடந்தால் எதுவும் செய்யாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். வேரோடு சாய்ந்த மரத்தில் அடிமரத்தை அறுத்ததும், மண்ணோடு தூக்கி நிற்கும் வேர்த்தட்டு படாரென்று பழைய குழிக்குள் திரும்ப விழும். அதன் பின்னால், குழிப் பக்கம், எவரும் நிற்கக் கூடாது. குழந்தைகள் அந்தக் குழியில் விளையாடப் போவார்கள், கவனம். பொந்துகளில் பாம்பு இருக்கலாம். கதண்டுக் கூடு இருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் நீளம். விறகு வெட்டுகிறவர்கள் கைக்கு வந்தபடி மூன்றடி மூன்றடியாக வெட்டிவிடுவார்கள், அதோடு எல்லாம் முடிந்தது. அதற்கு முன்னால் நீங்கள் போய் நிற்க வேண்டும். கதவுக்கு 7 அடி, மேசைக்கு 6 முதல் 8 அடி என்று தேவையை முடிவுசெய்து, ஒவ்வொன்றோடும் ஆறு அங்குலமாவது கூடுதலாக விட்டு வெட்டுங்கள். இரு முனையும் காயும்போது வெடிக்கும், அந்த ஆறு அங்குலம் அதற்குப் போய்விடும்.

வெட்டிய அன்றே இரண்டு முனைகளிலும் மெழுகோ, வீட்டில் கிடக்கும் பழைய பெயின்ட்டோ கனமாகப் பூசுங்கள். நார் வழியாக முனையில்தான் ஈரம் மிக வேகமாக வெளியேறும். அதை அடைத்தால் பாதி வெடிப்பைத் தடுக்கலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா பெயின்ட். இதைச் செய்யாமல் விட்டதால் போன பலகைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

என் கட்டையில் எத்தனை கன அடி இருக்கும்?

மரவாடிக் கணக்கு இது: கட்டையின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுங்கள்.

3 அடி விட்டம், 10 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 113 அங்குலம். கணக்குப்படி ஏறக்குறைய 55 கன அடி. உண்மையில் அந்த உருளையில் இருப்பது 70 கன அடிக்குக் கொஞ்சம் மேல். இந்தக் கால்சுற்றுக் கணக்கு எப்போதும் உண்மை அளவில் 78 சதவீதத்தைத்தான் காட்டும். அறுப்பில் போகும் சேதாரத்துக்கான கழிவு அதற்குள்ளேயே அடக்கம். வாங்கினாலும் விற்றாலும் எந்தக் கணக்கில் பேசுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சண்டை வராது.

எடையையும் மறக்காதீர்கள். 70 கன அடி பச்சை மரம் என்றால் சுமார் இரண்டு டன். அதிலிருந்து அறுத்த 10 அடிக்கு 3 அடி, இரண்டரை அங்குலப் பச்சைப் பலகை ஒன்றே 170 கிலோவுக்கு மேல் இருக்கும். தூக்க ஆறு பேர் வேண்டும்.

மரத்துக்குள் ஆணி இருந்தால்?

நம் ஊரில் இதுதான் பெரிய தொல்லை. டியூஷன் சென்டர் தட்டி, மாடு கட்டிய வளையம், வேலிக் கம்பி, டீக்கடைக் கொக்கி, எல்லாம் மரத்துக்குள் போய்ப் பட்டை மூடிவிடும். ஒரு ஆணி ஒரு பட்டை வாளைக் காலிசெய்யப் போதும்.

சாலையோர, வீட்டோர மரங்களில் தரையிலிருந்து ஏழடி வரை சந்தேகத்தோடு பாருங்கள். கையடக்க மெட்டல் டிடெக்டர் ஒன்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பலகை எடுத்த பிறகும் புது முகத்தைத் தடவுங்கள். அது சில அங்குல ஆழம்தான் காட்டும், அதனால் ஒருமுறை பார்த்தால் போதாது. முனையில் வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று பொருள். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும்.

பேய் ஓட்டி முடியை ஆணியில் சுற்றி அடித்த புளியமரங்களும் உண்டு. கோயில் மரங்களில் மணி, வேல் பதிந்திருக்கும். அப்படிப்பட்ட மரத்தை ஊர்ச் சம்மதம் இல்லாமல் அறுக்காதீர்கள். சம்மதித்தாலும் அடிக்கட்டை வாளுக்கு ஆகாது, மேல்கட்டையை எடுத்துக்கொண்டு அடியை விட்டுவிடுங்கள்.

செயின் சா மில்லில் முதல் வெட்டை எப்படி நேராகப் போடுவது?

உருண்டைக் கட்டையின் மேல் சட்டகம் உட்காராது. அதனால் முதல் வெட்டுக்கு மட்டும் ஒரு நேரான தளம் வேண்டும். அலுமினிய ஏணி ஒன்றைக் கட்டையின் மேல் வைத்து, இரு முனையிலும் கட்டை கொடுத்து, மட்டப்பலகை வைத்துச் சமன்செய்து திருகால் இறுக்கிக்கொள்ளுங்கள். ஏணி கட்டையின் நீளத்தைவிட ஒன்றிரண்டு அடி கூடுதலாக இருந்தால் வாள் நுழையும்போதும் வெளியேறும்போதும் தலை சாயாது. திருகு எதுவும் வெட்டும் ஆழத்துக்குள் வராமல் பார்க்க வேண்டும்.

முதல் வெட்டில் ஒரு நூல் பிசகினால் கடைசிப் பலகை வரை அதே பிசகு தொடரும். எவ்வளவு நேரமானாலும் இங்கே அவசரப்பட வேண்டாம். இரண்டாவது வெட்டிலிருந்து ஏணி தேவையில்லை, அறுத்த முகமே தளம்.

கட்டையின் ஒரு முனையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் இயந்திரம் தன் எடையிலேயே இறங்கும், தள்ளும் கை சோராது. வாள் போன பின்னால் இரண்டடிக்கு ஒன்றாகச் சின்ன ஆப்புகளைச் செருகிக்கொண்டே வாருங்கள். இல்லாவிட்டால் மேல்பலகை அமர்ந்து பாரைக் கவ்வும்.

பேண்ட் சாவில் பலகை அலை அலையாக வருகிறதே?

பத்தில் ஒன்பது முறை வாள் மழுங்கியிருக்கும். மாற்றுங்கள். புது வாளிலும் அலை வந்தால் இழுவை போதவில்லை, அல்லது வேகமாகத் தள்ளுகிறீர்கள். முடிச்சு வரும் இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். வாளில் பிசின் படிந்தாலும் இப்படி ஆகும். சோப்பு கலந்த தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும். நம் கடின மரங்களுக்குப் பல்லின் கொக்கிக் கோணம் (பல் முன்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) 10 பாகையைவிட 7 அல்லது 4 பாகை நன்றாக நிற்கிறது. தொடர்ந்து ஒன்றிரண்டு மணி நேரம் அறுத்ததும் வாளைக் கழற்றித் தீட்டப் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எந்தத் திசையில் அறுத்தால் பலகை வளையாது?

மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. வளையத்தைச் சுற்றிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளத்தில் சுருக்கம் அனேகமாக இல்லை. பலகை கிண்ணமாகக் குழிவது இதனால்தான்.

மேலிருந்து கீழ்வரை ஒரே திசையில் வரிசையாக அறுத்தால் அகலப் பலகை கிடைக்கும், மேசைக்கு அதுதான். ஆனால் மையம் வரும் அந்த ஒரு பலகை நடுவில் கட்டாயம் பிளக்கும். அதை முன்கூட்டியே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து மையத்தைக் கழித்துவிடுங்கள். இரண்டு நல்ல பலகை மிஞ்சும். கதவுச் சட்டம், நிலை போன்ற அசையக் கூடாத வேலைக்கு, கட்டையை நான்காகப் பிளந்து வளையம் பலகைமுகத்துக்குச் செங்குத்தாக வரும்படி அறுப்பது நல்லது. சேதாரம் கூடும்.

சாய்ந்து வளர்ந்த மரமும் கனத்த கிளையும் உள்ளுக்குள் இறுக்கத்தோடு இருக்கும். கிளையில் நீளப் பலகை எடுக்க ஆசைப்பட வேண்டாம்.

எவ்வளவு தடிமனில் அறுக்க வேண்டும்?

முடிந்த வேலையில் 2 அங்குலம் வேண்டுமென்றால் பச்சையில் இரண்டரை. ஒரு அங்குலம் வேண்டுமென்றால் ஒன்றேகால். சுருக்கம், வளைவு, இழைப்பு மூன்றுக்கும் சேர்த்து இது. மெல்லியதாக அறுத்துவிட்டு ஆசாரியிடம் போய் நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

எந்த மாதத்தில் அறுப்பது நல்லது? தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்கிறார்களே?

மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள்தான் என் தேர்வு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அறுத்தால் பூஞ்சை பிடிக்கும். சித்திரை வெயிலில் மேல்முகம் மட்டும் படக்கென்று காய்ந்து கீறல் விழும். தென்காசி, தேனி, பொள்ளாச்சிப் பக்கம் ஆடிக்காற்றும் இதே வேலையைச் செய்யும். புயல் நாள் பார்த்து வராது என்பதால், எந்த மாதமானாலும் விழுந்த மரத்தை முனை பூசி நிழலில் வைத்து, கூடிய சீக்கிரம் அறுத்துவிடுவதே வழி.

தேய்பிறை வழக்கம் பெரியவர்களிடம் இருக்கிறது, அதன்படி செய்வதில் நட்டமில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி மருந்தடிக்காமல் விடக் கூடாது. வண்டு தேடி வருவது வெண்மரத்தில் இருக்கும் மாவுச்சத்தை. பழைய காலத்தில் கட்டையைக் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போட்டார்களே, அது அருமையான முறை. அந்த மாவுச்சத்து கரைந்து போய்விடும்.

பலகையை எப்படி அடுக்குவது?

இதில்தான் பலரும் தோற்கிறார்கள். இரண்டு நாள் பாடுபட்டு அறுத்துவிட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிடுவார்கள். ஒரே மாதத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

கூரையுள்ள, காற்றோடும் இடம் வேண்டும். சுற்றிலும் அடைத்த அறை கூடாது. ஹாலோ பிளாக் கல்லை மட்டம் பார்த்துத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வையுங்கள். அதன் மேல் நேரான சட்டங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே முக்கால் அல்லது ஒரு அங்குலக் காய்ந்த ரீப்பர் துண்டுகள், ஒன்றரை முதல் இரண்டு அடிக்கு ஒன்று. மேல் வரிசை ரீப்பரும் கீழ் வரிசை ரீப்பரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று விலகினாலும் பலகை அங்கே தொய்யும். பச்சை ரீப்பர் வைத்தால் பலகையில் கோடுகோடாகக் கறை விழும். எல்லாவற்றுக்கும் மேலே கனமான கல் ஏற்றுங்கள். காற்று நேராக அடிக்கும் பக்கத்தில் சாக்குப்படுதா தொங்கவிட்டால் முதல் இரண்டு மாதம் நிதானமாகக் காயும். கரையான் ஏறாமல் கல்லைச் சுற்றி அடிக்கடி பாருங்கள்.

எவ்வளவு காலம் காய வேண்டும்?

ஒரு அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு. நம் வெயிலில் ஒரு அங்குலப் பலகை அதைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டரை அங்குலப் பலகைக்கு இரண்டு வருடம் பொறுப்பது நல்லது.

நாள் கணக்கைவிட ஈரமானியை நம்புங்கள். கடலோர மாவட்டங்களில் காற்றில் வைத்து 12-15 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது கடினம். ஏ.சி. அறைக்குப் போகும் மேசை என்றால் 10 சதவீதம் அளவுக்கு வர வேண்டும். அதற்குக் கடைசிக் கட்டத்தில் மரம் உலர்த்தும் சூளையில் வைத்து ஈரத்தை இறக்கித்தான் ஆக வேண்டும். ஈரமானி இல்லாவிட்டால் ஒரு சின்னப் பலகையை மாதாமாதம் எடை போட்டுக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்றால், அந்த இடத்துக் காற்றுக்கு எவ்வளவு காய முடியுமோ அவ்வளவு காய்ந்துவிட்டது.

வண்டுக்கு என்ன மருந்து?

100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் ஆசிட் கரைத்து, அறுத்த ஒன்றிரண்டு நாளுக்குள் எல்லா முகத்திலும் நனைய அடியுங்கள். முக்கினால் இன்னும் நல்லது. பச்சை மரத்தில் ஈரத்தோடு சேர்ந்து உள்ளே இறங்கும், காய்ந்த பிறகு அடித்தால் அவ்வளவு இறங்காது. மழையில் கரைந்துவிடும், அதனால் கூரைக்கு உள்ளே பயன்படும் மரத்துக்குத்தான் இது. குண்டூசித் துளையும் கீழே மாவு மாதிரி தூளும் தெரிந்தால் வண்டு ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது. அந்தப் பலகையை உடனே தனியே எடுங்கள்.

பாதுகாப்புக்கு என்னென்ன?

காதடைப்பு, கண்ணாடி, முகமூடி, முன்னால் இரும்புத் தொப்பி உள்ள பூட்ஸ், செயின் பட்டாலும் காலை வெட்டாமல் தடுக்கும், செயின் சாவுக்கென உள்ள கால் கவசம். லுங்கியும் செருப்பும் போட்டுக்கொண்டு 90 சிசி இயந்திரத்தைப் பிடிக்க ஒருவரையும் விடாதீர்கள், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி. கட்டை உருளாமல் இருபுறமும் ஆப்பு. சரிவில் கட்டைக்குக் கீழ்ப்பக்கம் ஆள் நிற்கக் கூடாது. பேண்ட் சா ஓடும்போது வாளின் நேர்கோட்டில் நிற்க வேண்டாம், அறுந்தால் அந்தப் பக்கம்தான் பாயும். தனியாக இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஒரே ஒரு மரத்துக்காக இயந்திரம் வாங்கலாமா?

வேண்டாம். இயந்திரமும் ஆளும் சேர்த்துக் கூலிக்குக் கூப்பிடுங்கள். கன அடிக் கணக்கா, மணிக் கணக்கா, ஆணியில் வாள் போனால் யார் செலவு, தூக்க ஆள் யார் தருவது என்று நான்கையும் முதலிலேயே பேசிவிடுங்கள். இரண்டு மூன்று தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் கூப்பிட்டால் வண்டிச்செலவு பங்காகும். தோப்பு பெரிதாக இருந்து, வருடாவருடம் மரம் எடுக்கிறவராக இருந்தால் மட்டும் சொந்தமாக வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

வெடித்த பலகையை விறகுக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். முனையில் விழுந்த வெடிப்பை வெட்டிக் கழித்தால் மீதி நல்ல பலகை. நடுவில் ஓடிய வெடிப்பின் குறுக்கே, இருபுறமும் விரிந்து நடுவில் ஒடுங்கிய கடின மரத் துண்டுகளைப் பதித்து இறுக்கினால் மேலும் விரியாது. நம் ஆசாரிகளுக்குத் தெரிந்த வேலைதான், வாகைக்குப் புளி வைரத்தில் துண்டு போட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும். நீளமாகப் பிளந்தே போனால் இரண்டு பெஞ்சுப் பலகையாக்குங்கள். முதல் வெட்டில் வரும் பட்டைப் பலகைகள் மாட்டுக்கொட்டகைத் தடுப்புக்கு ஆகும். மரத்தூளைச் சாணத்தோடு சேர்த்து மக்கவைத்தால் உரமாகும். வாகைத் தூளைத் தொழுவத்தில் படுக்கையாகப் போட வேண்டாம், மாட்டுக்கும் மூக்கு எரியும்.